காட்டிய எட்டு லட்சம், காட்டாத ஐந்து லட்சம்

கேள்வி: மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் 22 வருடமாகப் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வயது 51. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்கிறார், மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. மூவரும் ஜூனில் ஐரோப்பா போக ஓர் ஏஜென்ட் மூலம் மே மாதம் விண்ணப்பித்தோம். ரோம், வெனிஸ் இரண்டும் சேர்த்து 4 இரவு, சுவிட்சர்லாந்து 3 இரவு, பாரிஸ் 5 இரவு. பேக்கேஜ் ஒன்பதரை லட்சம். 'அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கும்' என்று, நாங்கள் ஒரு நாள்கூடத் தங்காத வேறொரு நாட்டின் விசாவுக்குப் போட்டார். கணக்கில் பணம் இருக்க வேண்டும் என்றதால் மச்சினனிடம் 8 லட்சம் கைமாற்று வாங்கி, ஸ்டேட்மென்ட் எடுப்பதற்குப் பத்து நாள் முன்பு போட்டேன். மூவருக்கும் நிராகரிப்பு. பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை, பணவசதிக்குச் சான்று போதாது, திரும்பிச் செல்வார் என்பதில் சந்தேகம் என்று மூன்று கட்டத்தில் டிக் போட்டிருக்கிறார்கள். வருமான வரிக் கணக்கில் ஆண்டு வருமானம் 5.2 லட்சம். மார்ச்சில் சீட்டு முதிர்ந்து வந்த 5 லட்சம் மனைவி பெயரில் வைப்புநிதியாக இருக்கிறது, சோழவந்தானில் ஒன்றரை ஏக்கர் வயலும் உண்டு. ஏஜென்ட் அதையெல்லாம் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் மறுபடி முயலலாமா? மனைவியின் பாஸ்போர்ட் அடுத்த ஜூலை 30 வரை இருக்கிறது.

பதில்: முயலலாம். நிராகரிப்பு வந்தால் இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. ஆனால் அதே கோப்பை ஒட்டுப்போட்டுக் கொண்டுபோனால் அதே பதில்தான் வரும். உங்களிடம் விசா கிடைக்கக்கூடிய சங்கதிகள் இருந்தன. அவை வீட்டில் இருக்க, இரவல் பணம் கோப்பில் போயிருக்கிறது. உங்கள் கடையை அந்த அதிகாரி பார்த்ததில்லை, மாசி வீதி எங்கே என்றும் தெரியாது. அவர் கையில் இருப்பது காகிதம் மட்டும். ஆண்டுக்கு 5.2 லட்சம் சம்பாதிப்பவர் கணக்கில், மாதக்கணக்காகச் சிறிதாகவே கிடந்த இருப்பு, திடீரென்று 8 லட்சமாக எழும்பினால் அவர் அதை வசதி என்று படிக்க மாட்டார். இரவல் என்றுதான் படிப்பார். அப்படிப் படித்த பிறகு மற்ற தாள்களையும் அதே கண்ணால்தான் புரட்டுவார்.

முதலில் எந்த நாடு என்பது. ஐரோப்பாவின் பொது விசாவான ஷெங்கன் விசா ஒன்று எடுத்தால் அந்த ஏற்பாட்டில் உள்ள 29 நாடுகளுக்கும் செல்லும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேராது. ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது என்பது நம் வசதிக்கு விடப்படவில்லை. பயணத்தின் முக்கிய நாடு எதுவோ, அதாவது அதிக நாள் தங்கும் நாடு எதுவோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. உங்கள் பழைய திட்டப்படியே பார்த்தாலும் பாரிஸ் 5 இரவு, ஆகவே பிரான்ஸ். தங்காத நாட்டில் விண்ணப்பித்ததும் 'பயண நோக்கம் நிரூபிக்கப்படவில்லை' என்ற டிக் பாதி விழுந்துவிட்டது. அந்த நாட்டில் இரவு காட்டுவதற்காக ஏஜென்ட் ஏதாவது ஹோட்டல் ரசீது வைத்தாரா என்று கேட்டு, கோப்பின் நகலை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள். உங்கள் கையெழுத்தோடு என்ன போயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

பழைய நிராகரிப்பை மறைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கும் பொது விசாப் பதிவேட்டில் அது 5 ஆண்டு வரை இருக்கும். மேல்முறையீடும் உங்களுக்குத் தேவையில்லை. அதன் வழியும் கெடுவும் நாட்டுக்கு நாடு மாறும், நிராகரிப்புத் தாளிலேயே அச்சடித்திருக்கும். (ஜெர்மனி தன் தூதரகங்களிலேயே மறுபரிசீலனை கேட்கும் முறையை 2025 ஜூலை 1 முதல் எடுத்துவிட்டது. பழைய நினைப்பில் சிலர் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.) அதிகாரி தவறாகப் படித்துவிட்டார் என்றால் மேல்முறையீடு, கோப்பே தவறு என்றால் புது விண்ணப்பம். உங்களுடையது இரண்டாவது ரகம்.

இனி பணம். பிரான்ஸ் கேட்கும் குறைந்தபட்சம், ஹோட்டல் முன்பதிவு இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. இது தரைமட்டம்தான். இதைக் காட்டினால் போதும் என்று யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. அதிகாரி இன்னொரு கணக்கும் போடுவார்: பயணச் செலவுக்கும் ஆண்டு வருமானத்துக்கும் என்ன பொருத்தம்? 5.2 லட்சம் சம்பாதிப்பவர் ஒன்பதரை லட்சத்துக்குச் சுற்றுலா போனால், 'இவர் சுற்றிப் பார்க்கத்தான் போகிறாரா?' என்ற கேள்வி தானே வரும். மூன்றாவது டிக் அங்கேயிருந்து வந்தது. அதற்காக ஆடிட்டரைப் பிடித்து வருமானத்தை ஏற்றித் திருத்தக் கணக்குப் போடும் வேலை வேண்டாம். விண்ணப்பத்துக்கு முந்தைய மாதம் தாக்கல் செய்த திருத்தம் கைமாற்றுப் பணத்தைவிட மோசமாகத் தெரியும், வரியும் தனியாக வரும்.

பயணத்தைச் சுருக்குங்கள். சுவிட்சர்லாந்தை இந்த முறை விட்டுவிடலாம். மூன்றில் செலவு கூடியது அதுதான். ரோம் 3 இரவு, பாரிஸ் 5 இரவு, ஆக 8 இரவு, 9 நாள். மூவருக்கும் ஒரே அறை எடுத்து, டிக்கெட், உணவு, உள்ளூர்ப் பயணம் எல்லாம் சேர்த்தால் ஐந்து லட்சத்தை ஒட்டி முடிக்கலாம். பிரான்ஸின் குறைந்தபட்சக் கணக்குப்படி 9 நாள், 3 பேர், 65 யூரோ: 1,755 யூரோ. யூரோவை 105 ரூபாயாக வைத்தால் 1,84,000 ரூபாய்ச் சொச்சம். இது கையில் இருக்கும் சீட்டுப் பணத்துக்குள் அடங்குகிறது.

அந்தச் சீட்டுப் பணம்தான் உங்கள் கோப்பின் முதுகெலும்பு. பதிவு பெற்ற நிறுவனத்தில் கட்டிய சீட்டு என்றால் பாஸ்புக், முதிர்வுக் கடிதம், காசோலை வரவான வங்கிப் பக்கம், வைப்புநிதி ரசீது நான்கையும் வரிசையாக வையுங்கள். மாதாமாதம் கட்டிச் சேர்த்த பணம் என்பது தேதியோடு தெரிய வேண்டும். தெருவில் நண்பர்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு என்றால் இந்தத் தாள் எதுவும் இருக்காது, அப்போது வைப்புநிதி ரசீதை மட்டும் வைக்க வேண்டியதுதான். வைப்புநிதியில் இரண்டு லட்சத்தை இந்த மாதமே முறித்து மனைவியின் சேமிப்புக் கணக்கில் வரவு வையுங்கள். மீதி மூன்று அப்படியே கிடக்கட்டும். கையெடுப்புக்குச் சுலபமான பணம் கொஞ்சம் கணக்கில் தெரிய வேண்டும், அது எங்கிருந்து வந்தது என்பதை ஸ்டேட்மென்ட் வரியே சொல்லிவிடும்.

கடைப் பணத்தில் நம் ஊர் வியாபாரிகள் எல்லோரும் செய்யும் ஒரு காரியம் உண்டு. கல்லாவில் விழுந்த ரொக்கத்திலேயே சரக்கு, கூலி, வீட்டுச் செலவு எல்லாம் முடிந்துவிடும். வங்கிக்கு மிச்சம்தான் போகும். அந்த ஸ்டேட்மென்டைப் பார்ப்பவருக்குக் கடையே இல்லை என்று தோன்றும். தீபாவளி, பொங்கல், தை முகூர்த்தம் என்று உங்கள் தொழிலுக்கு நல்ல மாதங்கள் முன்னால் நிற்கின்றன. விற்ற ரொக்கத்தை வாரம் இருமுறையாவது நடப்புக் கணக்கில் கட்டுங்கள். மொத்த வியாபாரிக்குக் கொடுப்பதையும் வங்கி வழியாகவே கொடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதம் ஒரு தொகையை நடப்பிலிருந்து உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள்; சம்பளக்காரருக்குச் சம்பளச் சீட்டு போல உங்களுக்கு அது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை யாருடைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்றும் பாருங்கள். தம்பி பெயரில், மகன் பெயரில் அது இருக்கும் கடைகள் நிறைய. கட்டும் ரொக்கம் ஜிஎஸ்டி கணக்கில் காட்டும் விற்பனையோடு ஒத்துப்போக வேண்டும், அதை ஆடிட்டர் ஒருமுறை பார்த்துவிடட்டும்.

ஸ்டேட்மென்ட் மூன்று மாதத்துக்குக் கேட்டாலும் ஆறு மாதத்துக்குக் கொடுங்கள். பிப்ரவரி நடுவில் எடுத்தால் ஆகஸ்ட் நடுவிலிருந்து வரும், அந்த எட்டு லட்சம் வந்துபோன பக்கம் அதில் இருக்காது. இருக்காது என்பதால் அதைப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். பழைய விண்ணப்பம் பதிவில் இருக்கிறது. கவரிங் லெட்டரில் நீங்களே இரண்டு வரியில் சொல்வது நல்லது: உறவினரிடம் தற்காலிகமாகப் பெற்ற தொகை, திருப்பிவிட்டேன், இந்த முறை என் சொந்தச் சேமிப்பில் போகிறோம். போனில் இறக்கிய பிடிஎஃப் போதாது. கிளையில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள், நடப்புக் கணக்குக்கும் சேர்த்து.

திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சத்தியம் செய்வதால் பயனில்லை. கடைதான் சாட்சி. ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ், கடந்த ஆறு மாத ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன், உத்யம் எனும் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் இருந்தால் அது, கடை வாடகை ஒப்பந்தம் அல்லது சொந்தக் கட்டடம் என்றால் மாநகராட்சிச் சொத்து வரி ரசீது, மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு. ஊரில் இல்லாத ஒன்பது நாளும் கடையைத் திறப்பது யார் என்பதைக் கவரிங் லெட்டரில் ஒரு வரி எழுதுங்கள். இந்த வரியை எழுத மறப்பவர்கள்தான் அதிகம். சோழவந்தான் வயலுக்குப் பட்டா, சிட்டா எடுத்து ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தப் பணம் கணக்கில் வரும் பக்கத்தையும் குறியுங்கள். நில மதிப்பு இத்தனை கோடி என்று மதிப்பீட்டாளரிடம் பெரிய அறிக்கை வாங்கிச் செலவழிக்க வேண்டாம். ஒன்றரை ஏக்கர் வேர்தான் இங்கே வேண்டியது, விலை இல்லை. தமிழில் இருக்கும் எந்தத் தாளுக்கும், ரேஷன் கார்டு உட்பட, மொழிபெயர்ப்பு வேண்டும்.

மனைவிக்குத் தனி வருமானம் இல்லாதது குறையாகாது. அவருடைய செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம், திருமணப் பதிவுச் சான்றிதழ், இருவர் பாஸ்போர்ட்டிலும் மற்றவர் பெயர் இருக்கும் பக்கத்தின் நகல். வைப்புநிதி அவர் பெயரில் இருப்பதால், அதை மூவர் பயணத்துக்கும் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன் என்று அவரும் ஒரு தாள் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மகளுக்கு 18 கடந்துவிட்டது. அவருக்குத் தனி விண்ணப்பம், அவரே கையெழுத்து. கல்லூரியில் போனஃபைட் சான்றிதழ் வாங்கும்போது, மே மாதம் விடுமுறை என்பதையும் மீண்டும் கல்லூரி திறக்கும் தேதியையும் அதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் விஷயத்தில் உடனே செய்ய வேண்டியது ஒன்று. ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் பாஸ்போர்ட் செல்ல வேண்டும், 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். மே 10 புறப்பட்டு 18 பாரிஸிலிருந்து கிளம்பினால் ஆகஸ்ட் 18 வரை வேண்டும். மனைவியுடையது ஜூலை 30 உடன் முடிகிறது. கடைசி ஓராண்டுக்குள் வந்துவிட்டதால் இப்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம், மே வரை இழுக்காதீர்கள். புதுப் பாஸ்போர்ட் எண் வந்த பிறகுதான் டிக்கெட் பதிவு, காப்பீடு, விண்ணப்பம் எல்லாம். எண் மாறிய பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது பெரிய தலைவலி. பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே கொண்டுபோகவும்.

பெயர் நம் ஊருக்கே உரிய சிக்கல். குடும்பப் பெயர் இல்லாத நம் பாஸ்போர்ட்டில் அந்த இடம் பலருக்குக் காலி. மனைவிக்கோ அப்பா பெயர் அங்கே ஏறியிருக்கும். வங்கியில் இனிஷியலோடு ஒரு பெயர், பட்டாவில் 'த/பெ' போட்டு இன்னொன்று. விண்ணப்பம், டிக்கெட், ஹோட்டல், காப்பீடு நான்கிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே வர வேண்டும், ஒரு எழுத்துகூடக் கூடாமல் குறையாமல். வங்கி, பட்டாவில் உள்ள வேறுபாட்டைக் கவரிங் லெட்டரில் 'இனிஷியல் என் தந்தை பெயரின் முதலெழுத்து' என்று விளக்கினால் போதும். எழுத்துக்கூட்டலே மாறியிருந்தால் மட்டும் நோட்டரி உறுதிமொழி.

காப்பீடு: குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு, எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும், உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் செலவு உட்பட. நம் கம்பெனிகள் டாலரில் விற்கின்றன. 50,000 டாலர் பாலிசி எடுத்தால் தாராளமாகப் போதும். அமெரிக்கா, கனடா நீங்கலான திட்டமே எடுங்கள், பிரீமியம் குறையும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

டிக்கெட்டை விசாவுக்கு முன் வாங்க வேண்டியதில்லை, முன்பதிவு போதும். ஹோட்டலை இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் உங்கள் பெயரிலேயே பதியுங்கள், வவுச்சரில் மூவர் பெயரும் வரட்டும். ஏஜென்ட்கள் தரும் 'டம்மி' பதிவுகள் விண்ணப்பம் போன மறுநாளே ரத்தாகிவிடும். அதிகாரி ஹோட்டலுக்கு ஒரு மெயில் போட்டால் உடைந்துவிடும், அப்போது விழும் டிக் 'நம்பகமற்ற தகவல்' என்பது, முந்தைய மூன்றையும்விடக் கனமானது. ரோமிலிருந்து பாரிஸுக்கு எப்படிப் போகிறீர்கள் என்ற பதிவும் வேண்டும். அந்த ஒரு கண்ணி விட்டுப்போன கோப்புகள் ஏராளம்.

தேதிக் கணக்கு: பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து, குறைந்தது 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். மே 10 என்றால் நவம்பர் 10 முதல் வாசல் திறந்துவிடும். உங்கள் கணக்குக்கு ஊட்டம் தேவை என்பதால் பிப்ரவரி மூன்றாம் வாரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும்படி பாருங்கள். கோடைக்கு இடங்கள் வேகமாக நிரம்பும், ஜனவரியிலேயே தேடத் தொடங்குங்கள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை போகும். பிரான்ஸுக்கு முதலில் பிரான்ஸ்-விசாஸ் இணையதளத்தில் படிவம் நிரப்பி அச்செடுக்க வேண்டும், பிறகு விண்ணப்பங்களை வாங்கிக்கொள்ளும் சென்னை விஎஃப்எஸ் மையத்தில் நேரம். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. மூவருக்கு 270, நம் பணத்தில் 28,000 ரூபாய்க்கு மேல், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தால் இது திரும்பாது. நேரம் வாங்கித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்பவர்களிடம் சிக்காதீர்கள்.

முன்பு கொடுத்த கைரேகை 59 மாதம் செல்லும். ஆனாலும் மூவரும் நேரில் போவதாகவே திட்டமிடுங்கள். மதுரையிலிருந்து இரவு ரயிலில் போகிறீர்கள் என்றால் காலை 10 மணிக்கு முந்தைய நேரம் எடுக்க வேண்டாம். வண்டி தாமதமானால் அன்றைய நாள் போச்சு. விரல்நுனியில் மருதாணி அடர்த்தியாக இருந்தால் ரேகை விழச் சிரமப்படும், தை முகூர்த்த வீடுகளுக்குப் போய்வந்த கையோடு கிளம்பாதீர்கள். புகைப்படம் 35க்கு 45 மில்லிமீட்டர், வெளிர் பின்னணி, 6 மாதத்துக்குள் எடுத்தது. பாஸ்போர்ட்டில் ஒட்டியதையே மறுபடி அச்சடித்துக் கொடுத்தால் திருப்பிவிடுவார்கள். ஸ்டுடியோவில் 'ஷெங்கன் அளவு' என்று சொல்லியே கேளுங்கள்.

கவரிங் லெட்டர் ஒரு பக்கம் போதும். யார் யார், எங்கே எத்தனை இரவு, செலவு எவ்வளவு, எந்தப் பணம், கடையைப் பார்ப்பது யார், பழைய நிராகரிப்பின் மூன்று காரணங்களுக்கும் ஒவ்வொரு வரி பதில், அதற்கான தாள் கோப்பில் எத்தனையாவது பக்கம். நிராகரிப்புத் தாளின் நகலைக் கூடவே இணைத்துவிடுங்கள். ஏஜென்ட் எழுதித் தரும் 'ஐரோப்பியக் கலாசாரத்தின் மீது தீராத ஆர்வம்' வகையறா வேண்டாம், எல்லாக் கோப்பிலும் அதே வாசகம் இருக்கிறது.

விசா ஒட்டி வந்ததும் கூரியர்க் கவரைப் பிரித்த இடத்திலேயே நான்கைப் பாருங்கள்: பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை நாள் தங்கலாம். தேதி இடைவெளி பெரிதாகவும் நாள் எண்ணிக்கை சிறிதாகவும் இருக்கும், தங்க அனுமதி அந்த எண்ணிக்கைக்கு மட்டும்தான். நுழைவு '01' என்றிருந்தால் நடுவில் லண்டன் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நுழைய முடியாது. பிழை இருந்தால் பயணத்துக்கு முன்பே மையத்தில் சொல்லித் திருத்த வேண்டும். கோப்பின் நகலைக் கைப்பையில் வையுங்கள், ரோம் விமான நிலையத்தில் ஹோட்டல் பதிவும் திரும்பும் டிக்கெட்டும் கேட்க எல்லை அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் வருகை, புறப்பாட்டைக் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரைக்குப் பதில் அங்கே முகப்படம் எடுப்பார்கள், முதல் முறை வரிசை நீளும்.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ்களைத் தூக்கி எறியாதீர்கள். 3 ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு 2 ஆண்டு மல்டிபிள் விசா தரும் விதி 2024 ஏப்ரலில் வந்திருக்கிறது. விட்டுவைத்த சுவிட்சர்லாந்துக்கு அடுத்த விண்ணப்பம் போடும்போது அந்தச் சீட்டுகள் தேவைப்படும்.